காமா தூக்கிய கல் 1200 கிலோவா, கட்டுக்கதையா?

பழைய பயில்வான்: உடற்பயிற்சி இழையில் தராசுமுள் என்பவர், ‘காமா 1200 கிலோ கல்லைத் தூக்கியதெல்லாம் பாட்டி கதை’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிகிறதா? 1910இல் லண்டனில் போலந்து மல்யுத்த வீரர் ஸ்பிஸ்கோவை இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் தரையோடு கிடக்கவைத்த நம் நாட்டு மல்யுத்தப் பயில்வான். மறுவாரம் மீண்டும் மோத வேண்டிய நாளில் ஸ்பிஸ்கோ ஆளையே காணோம். அந்தக் கல் இன்றும் பரோடா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1902 டிசம்பர் 23 என்று நாளோடு பொறித்திருக்கிறார்கள். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

தராசுமுள்: கல்லில் பொறித்தால் நடந்ததாகிவிடுமா, ஐயா? 2020இல் ஐஸ்லாந்தின் பியோர்ன்சன் தரையிலிருந்து தொடை வரை இழுத்தது 501 கிலோ. அவர் ஆறடிக்கு மேல் இன்னும் அரைப் பனை. காமா ஐந்தடி ஏழு அங்குலம்தான். 1200 கிலோவாம்!

பழைய பயில்வான்: உயரத்தை வைத்து பலத்தை அளப்பவரிடம் என்ன பேசுவது? 1200 கிலோ. கல்வெட்டு. போய்ப் படியுங்கள்.

ஜூரோங் கணக்கன்: கருங்கல் கன அடிக்குச் சுமார் 76 கிலோ. இரண்டரை அடிக் கனசதுரம் என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 1200 கிலோ வருகிறது. ஆக எடை நம்பக்கூடியதே. ஆனால் ‘தூக்கினார்’ என்றால் எப்படி? கனடா பலசாலி லூயி சீர் 1895இல் பாஸ்டனில் 18 பேர் நின்ற பலகையை முதுகால் கிளப்பினார், 1967 கிலோ. அது கொஞ்சம் எழும்பினாலே கணக்கில் சேரும். ஜெர்மன் பலசாலி ஆர்தர் சாக்ஸன் ஒரே கையால் தலைக்கு மேல் உயர்த்தியது 168 கிலோ. இரண்டும் ஒன்றா? அதை முதலில் பேசுவோமே.

பழைய பயில்வான்: கேட்டீர்களா தராசுமுள்? கணக்கனே ஒப்புக்கொண்டுவிட்டார். 1200 கிலோ!

தராசுமுள்: கல்லின் எடையைத்தான் ஒப்புக்கொண்டார். அந்தக் கல் கனசதுரம் என்று யார் சொன்னது? எங்கள் புளோக்கின் கீழும்தான் கல்மேசை இருக்கிறது. என் பெயரைப் பொறித்துவிட்டால் நானும் பயில்வானா?

பழைய பயில்வான்: தீபாவளிக்கு முந்தின வாரம் தேக்காவில் 25 கிலோ அரிசி மூட்டையை மின்தூக்கி வரை கொண்டுபோக முடியாமல் இன்னொருவரைக் கூப்பிட்டவர் நீங்கள். நானே பார்த்தேன். நீங்கள் காமாவுக்கு நற்சான்று தர வேண்டாம்.

தராசுமுள்: முதுகுவலியோடு இருந்தேன். அதைப் பொதுவில் எழுதுவதுதான் உங்கள் பண்பாடு போலும்.

கேலாங் பேரன்: சண்டை எதற்கு? என் தாத்தா இங்கே சிங்கப்பூரின் ஹேப்பி வோர்ல்டு கேளிக்கைப் பூங்காவில் தாரா சிங், கிங் காங் என்ற பயில்வான்களின் மல்யுத்தம் பார்த்தவர். கிங் காங் நடந்து வந்தாலே மேடைப் பலகை முனகுமாம். அந்தக் காலத்து உடம்பே வேறு.

தராசுமுள்: அதெல்லாம் முன்கூட்டியே பேசிவைத்த ஆட்டம். டிக்கெட் விற்க வேண்டாமா?

கேலாங் பேரன்: என் தாத்தாவைப் பொய்யர் என்கிறீர்களா? கிங் காங் 1970இல் உயிர்விட்டதே இந்த ஊரில்தான். செத்தவரையும் விடமாட்டீர்களா?

தராசுமுள்: பார்த்தவரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. உண்மையான பலம் வேண்டுமென்றால் நம் ஊர்ப் பளுதூக்கும் வீரர் டான் ஹோவ் லியாங்கைப் பாருங்கள். 1960 ரோம் ஒலிம்பிக், 67.5 கிலோ பிரிவு, மூன்று வகைத் தூக்கலும் சேர்த்து 380 கிலோ, வெள்ளிப் பதக்கம். நடுவர் இருந்தார், எடை போட்ட தட்டு இருந்தது.

பழைய பயில்வான்: 380 எங்கே, 1200 எங்கே?

ஜூரோங் கணக்கன்: ஐயா, அது மூன்று தூக்கலின் கூட்டுத்தொகை, அதுவும் தலைக்கு மேலே. காமா நெஞ்சு வரை கொண்டுபோனாரா, ஒரு பக்கத்தை மட்டும் நிமிர்த்தினாரா என்றுதானே கேட்கிறேன்.

பழைய பயில்வான்: நெஞ்சோடு அணைத்து நடந்தார் என்பார் எனக்குக் கர்லாக்கட்டை சொல்லிக்கொடுத்த வாத்தியார். அவர் வீண்பேச்சு பேசுகிறவர் அல்லர். போன வருடம் இளவட்டக்கல் பற்றி நான் எழுதியபோதும் இதே இரண்டு பேர்தான் வந்து குட்டையைக் குழப்பினீர்கள். நான் மறக்கவில்லை.

தராசுமுள்: அந்த இழையை நீக்கச் சொன்னவர் நீங்கள்தான்.

பழைய பயில்வான்: நீக்கச் சொல்லவில்லை, பூட்டச் சொன்னேன். பேச்சை மாற்றாதீர்கள். 1928இல் பாட்டியாலாவில் ஸ்பிஸ்கோ மறுபடி வந்தார். ஒரு நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. அப்படிப்பட்ட கை தூக்காதா 1200 கிலோ?

தராசுமுள்: மனிதனைச் சாய்ப்பதும் கல்லைத் தூக்குவதும் ஒன்றா?

கேலாங் பேரன்: என் தாத்தாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மேலே எழுதுங்கள்.

பழைய பயில்வான்: 1200. கல்வெட்டு. படியுங்கள்.