பேஸ்பாலில் 9 ரன் முன்னிலையில் பேஸ் திருடினால் பந்தால் அடிப்பார்களா? நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

பிளேனோ அப்பா:
பையனுக்கு 14 வயது. ஐந்தாவது இன்னிங்ஸ், நாங்கள் 9 ரன் முன்னே. எதிரணி முதல் பேஸ்காரன் அங்கே நின்ற இவனைக் கண்டுகொள்ளாமல் தள்ளிப்போய் நின்றான், அப்படி நின்றாலே 'போதும், ஓடாதே' என்றுதான் அர்த்தம், இவன் யாரும் பந்தை அடிக்காமலே ஓடி இரண்டாவது பேஸைத் திருடிவிட்டான். அடுத்த முறை மட்டை பிடித்தபோது முதல் பந்தே விலாவில். தடவிக்கூடப் பார்க்காமல் முதல் பேஸுக்குப் போனான். ராத்திரி பனியனைத் தூக்கிக் காட்டினான், பந்தின் தையல் வரிசையாகத் தோலில் சிவந்து பதிந்திருந்தது. “தப்பு என்னுதுப்பா” என்றான். அதுதான் இன்னும் உறுத்துகிறது. எறிந்தவனும் பிள்ளைதானே, அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

ஆர்லிங்டன்வாசி:
2016 மே 15, நான் மைதானத்தில் இருந்தேன். முந்தின அக்டோபரில் டொரான்டோவின் ஹோசே பௌடிஸ்டா டெக்சஸுக்கு எதிராக ஹோம் ரன் அடித்துவிட்டு மட்டையைத் தூக்கி வீசினாரே, அந்தக் கணக்கு. எட்டாவது இன்னிங்ஸில் பந்து அவர் மேல் பட்டதும் எதற்கென்று அரங்கத்தில் யாரும் கேட்கவில்லை. அவர் கோபத்தை இரண்டாவது பேஸில் சறுக்கி மோதிக் காட்டினார், அங்கே நின்ற டெக்சஸ் வீரர் ஓடோர் விட்ட குத்தில் அவருடைய ஹெல்மெட்டும் கண்ணாடியும் பறந்தன. பக்கத்து சீட் சிறுமி அழுகிறாள், அவள் அப்பா எழுந்து நின்று கைதட்டுகிறார்.

ஓக்லண்ட் ரசிகன்:
பௌடிஸ்டா விஷயம் மட்டை வீச்சில் ஆரம்பித்தது, அதை இதோடு சேர்க்காதீர்கள். 2010 ஏப்ரலில் யாங்கீஸின் ஏ-ராட் (அலெக்ஸ் ரோட்ரிகஸ்), பந்து எறியும் பிட்சர் நிற்கும் மேட்டை மிதித்துக்கொண்டு முதல் பேஸுக்குத் திரும்பினார், எங்கள் பிட்சர் டாலஸ் பிரேடன் கத்தித் தீர்த்தார், பந்தால் அடிக்கவில்லை. நான் பார்த்தது அவ்வளவுதான்.

பிளேனோ சார், பையன் செய்தது தப்பே இல்லை. பல லீக்குகளில் 10 ரன் வித்தியாசம் வந்தால்தான் ஆட்டத்தைப் பாதியில் முடிப்பார்கள், 9 என்றால் ஆட்டம் உயிரோடு இருக்கிறது. பந்து உடம்பை நோக்கி வந்தால் பின்னால் உட்கார்ந்திருக்கும் கேட்சர் பக்கம் திரும்பி, முகவாயைத் தோளுக்குள் புதைக்கப் பழக்குங்கள், முதுகு வலி தாங்கும், முகம் தாங்காது. அப்புறம் 2012இல் பிட்சர் கோல் ஹேமல்ஸ் வேண்டுமென்றே பிரைஸ் ஹார்ப்பரைப் பந்தால் அடித்தார், அவரே ஒப்புக்கொண்டு 5 ஆட்டத் தடை வாங்கினார். 19 வயது ஹார்ப்பர் சண்டைக்குப் போகாமல் மூன்றாவது பேஸ் வரை வந்து ஹோமையே திருடி ரன் எடுத்தார். அதைப் பையனுக்குப் போட்டுக் காட்டுங்கள். கோச்சிடமும் நேராகக் கேளுங்கள்.

பிளேனோ அப்பா:
கேட்டேன். “ஆட்டத்தில் இதெல்லாம் சகஜம்” என்றார். சரி, போன சனிக்கிழமை 2 ரன்தான் வித்தியாசம், பையன் முதல் பேஸில், பிட்சர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஓடியிருக்கலாம். அவன் பேஸை விட்டுக் காலை எடுக்கவேயில்லை.