எபாக்ஸி அடிச்ச வொர்க்‌ஷாப் தரை: ஜாக்கி, சுத்தியல்கிட்ட இருந்து எப்படிக் காப்பாத்துறது?

கணபதி_கேரேஜ்:
வணக்கங்க. கோயமுத்தூர் கணபதியில சின்னதா ஒரு கார் வொர்க்‌ஷாப் வச்சிருக்கேன். போன மாசம் தரைக்கு எபாக்ஸி (ரெசினும் ஹார்டனரும் கலந்து அடிக்கிற, இறுகிக் கெட்டியாகுற பூச்சு) அடிச்சோம், ரோலர்ல ரெண்டு கோட். ஆயில் சிந்தினா துணியில துடைச்சாப் போயிடுது, கீழ விழுந்த நட்டு உடனே கண்ணுல படுது. அந்த வகையில சந்தோஷம்தான். ஆனா டிராலி ஜாக்கி போற வழியெல்லாம் கோடு. நேத்து பையன் கையில இருந்து பிரேக் டிரம் நழுவி, அஞ்சு ரூபாய்க் காசு அளவுக்குப் பெயர்ந்து வந்துடுச்சு. மாட்டுக் கொட்டகைக்குப் போடுற கறுப்பு ரப்பர் மேட்டை வாங்கித் தரை முழுக்க விரிச்சுடலாமான்னு பார்க்கிறேன். "அதுக்கு எதுக்கு எபாக்ஸி அடிச்சே?"ங்கிறாங்க வீட்டுல.

பழைய_ஃபிட்டர்:
வீட்டுல சொல்றதுதான் சரி தம்பி. முழுசா மூடாதீங்க. மேட்டுக்கு அடியில தண்ணியும் மண்ணும் சேரும், அந்த மண்ணே உப்புத்தாள் மாதிரி தேய்ச்சு எடுத்துடும். கறுப்பு ரப்பர் நாள்பட எபாக்ஸியில பழுப்புக் கறை விடும், எந்த சோப்புக்கும் போகாது. டயர் நிக்கிற இடத்துல வர்ற கறையும் இதே கதைதான்.

பெயர்ந்த சில்லு கையில இருக்கா? திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்க. சிமெண்ட் பொடி ஒட்டியிருந்தா கோட்டிங் நல்லாத்தான் பிடிச்சிருக்கு, சிமெண்டோட மேல்தோல்தான் அடி தாங்காம வந்திருக்கு. அடிப்பக்கம் வழவழன்னு சுத்தமா இருந்தா, அடிக்கிறதுக்கு முன்னாடி ஒழுங்கா கிரைண்டிங் பண்ணல, இல்லைன்னா தரையில பழைய ஆயிலோ ஈரமோ இருந்திருக்கு. அப்படின்னா என்ன விரிச்சாலும் ஓரத்துல இருந்து உரிஞ்சுக்கிட்டேதான் போகும். சுத்தியல் பிடியால சுத்திலும் தட்டிப் பாருங்க, பொத்துன்னு சத்தம் வர்ற இடமெல்லாம் பிடிப்பு விட்டுப்போன இடம்.

இப்ப ஜாக்கி. வண்டி மேல ஏற ஏற ஜாக்கியோட கை நேரா ஏறாது, வில் மாதிரி வளைவா மேல போகும், அதுக்கு ஈடா ஜாக்கியே கொஞ்சம் உருண்டு வரணும். இரும்புச் சக்கரத்துல வெல்டிங்ல தெறிச்ச இரும்பு மணி ஒண்ணு மாட்டியிருந்தா உருளாது, இழுபடும். உங்க கோடெல்லாம் அப்படி வந்ததாத்தான் இருக்கும். தினம் காலையில சக்கரத்தைத் துடைச்சு, அச்சுக்கு ரெண்டு சொட்டு ஆயில் விடச் சொல்லுங்க. தூக்குற இடத்துல 4 அடிக்கு 2 அடி, 12 மி.மீ. பிளைவுட் போடுங்க. சின்னத் துண்டு வேண்டாம், உருளும்போது விளிம்புல இறங்கிட்டா வம்பு. தூக்கின வண்டியைத் தாங்குற ஸ்டாண்டு காலுக்கு அடியில ஒரு அடிச் சதுரத்துல 18 மி.மீ. பிளைவுட். அங்க மட்டும் மெத்துன்னு ரப்பர் வைக்கவே வைக்காதீங்க. ஸ்டாண்டு ஆடும், கீழ ஆள் படுத்திருப்பான்.

வைஸ் (சாமானைக் கவ்விப் பிடிக்கிற இரும்புப் பிடி) இருக்கிற மேஜைக்கு முன்னாடிதான் சாமான் அதிகம் விழும். உக்கடம் பழைய இரும்புக் கடைகள்ல கேட்டுப் பாருங்க, பழைய கன்வேயர் பெல்ட் துண்டு மாட்டுனா அதை விரிச்சுடுங்க. உள்ள துணி அடுக்கு இருக்கிறதால சம்மட்டியே விழுந்தாலும் தாங்கும். கறை விடும்தான். மேஜைக்குக் கீழ யாரு குனிஞ்சு பார்க்கப் போறா?

ஈரோடு_மெக்:
அண்ணன் சொன்னதோட இன்னொண்ணு. டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் சிந்தினா உடனே தண்ணி ஊத்தித் துடைச்சுடுங்க. விட்டு வச்சா கோட்டிங் இளகிடும். வெல்டிங் வச்சா தகரம் விரிச்சுக்கங்க, பொறி விழுந்த இடம் கறுத்துடும்.

கணபதி_கேரேஜ்:
சில்லைத் திருப்பிப் பார்த்தேன் அண்ணா, சிமெண்ட் நல்லாவே ஒட்டியிருக்கு. தட்டிப் பார்த்ததுல வேற எங்கயும் பொத்துன்னு கேக்கல. மீதி எபாக்ஸி டப்பாவுல கொஞ்சம் இருக்கு. ஓட்டையை அதை வச்சே அடைச்சுடலாமா?

பழைய_ஃபிட்டர்:
தாராளமா. லூசா இருக்கிற சிமெண்டைக் கிளறி எடுத்துடுங்க, சுத்தி ரெண்டு விரல் அகலத்துக்கு 80 நம்பர் உப்புத்தாள்ல பளபளப்பு போற வரைக்கும் தேய்ச்சு, அசிட்டோன்ல துடைங்க. ரெசினையும் ஹார்டனரையும் டப்பாவுல போட்டிருக்கிற அளவுக்கே கலக்கணும். கண்ணளவுல ஊத்தினா இறுகாம பிசுபிசுன்னே கிடக்கும். சலிச்ச காய்ஞ்ச சிலிக்கா மணல் சேர்த்து சட்னி பதத்துக்கு அடைச்சு, மறுநாள் மேல ஒரு கோட் குடுங்க. கால் வைக்க ஒரு நாள் போதும், ஜாக்கியும் வண்டியும் அங்க ஏற ஒரு வாரம் விடுங்க. பையன்கிட்ட சொல்லிட்டா மட்டும் பத்தாது, ஒரு ஆயில் டிரம்மைக் குறுக்க வச்சிடுங்க.