ரே லேக்ஸ் லூப்: ஐந்து நாளில் எத்தனை சிகரம் ஏறலாம்?

சன்னிவேல்_நடையன்

வணக்கம். ஆகஸ்ட் கடைசி வாரத்துக்கு கலிஃபோர்னியாவின் கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்காவில் ரே லேக்ஸ் லூப் நடைபாதைக்கு பெர்மிட் கிடைத்துவிட்டது. ரோட்ஸ் எண்டில் ஆரம்பித்து அங்கேயே வந்து முடியும் 41 மைல். நான்கு இரவு, ஐந்து நாள். நான், மனைவி, கல்லூரி நண்பன் என மூன்று பேர். யோசெமிட்டியில் ஹாஃப் டோம் பாறையில் கேபிள் வழியாக ஏறியிருக்கிறோம். ஆனால் பெரிய பையைச் சுமந்துகொண்டு வாரக் கடைசிக்கு மேல் எங்கும் தங்கியதில்லை.

சுற்றி வருவதோடு நிறுத்தாமல், பாதையை விட்டு விலகி ஏறும் சிகரங்களையும் பார்க்க ஆசை. மேப்பில் ஃபின் டோம், பெயின்டட் லேடி இரண்டும் ஏரியை ஒட்டியே இருக்கின்றன. மவுண்ட் கூல்ட் கொஞ்சம் தள்ளி, ஆனால் 13,005 அடி என்பதால் விட மனசில்லை. மூன்றையும் அடக்க முடியுமா? எந்தப் பக்கமாகச் சுற்றுவது நல்லது?

ஃப்ரெஸ்னோக்காரி

தம்பி, மூன்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அது பெயின்டட் லேடி.

ஃபின் டோமை இப்போதே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அதற்கு இருக்கும் மிகச் சுலபமான வழியே கிளாஸ் 4 (ஏறும் வழியின் கடினத்தைச் சொல்லும் எண்). கிளாஸ் 2 என்றால் கற்குவியல் மேல் நடந்து, அங்கங்கே கை ஊன்றி ஏறுவது. 3 என்றால் கையும் காலும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். 4-ல் விழுந்தால் பிழைப்பது கஷ்டம், அதனால் பலர் கயிறு கட்டிக்கொண்டுதான் ஏறுவார்கள். ஹாஃப் டோமில் பிடித்துக்கொள்ள கேபிள் இருந்தது. அந்த அனுபவத்தை இங்கே கணக்கில் சேர்க்காதீர்கள்.

கூல்ட் எனக்கு மிகவும் பிடித்த மலை. கியர்சார்ஜ் பாஸிலிருந்து (பாஸ் என்றால் கணவாய்) முகட்டைப் பிடித்து வடக்கே போனால் சுமார் 1,200 அடி ஏற்றம், உச்சியில் உள்ள பாறை மட்டும் கிளாஸ் 3. ஆனால் உங்கள் நாட்கணக்குக்கு அது ஒத்துவராது. லூப் பாதை கியர்சார்ஜ் பாஸைத் தொடுவதே இல்லை. க்ளென் பாஸ் இறங்கிய பிறகு கிழக்கே திரும்பி, பாஸ் வரை போய், சிகரம் ஏறி, வந்த வழியே திரும்ப வேண்டும். ஒரு முழு நாள் அதற்கே சரியாகிவிடும். ஆறாவது நாள் கிடைத்தால் சார்லட் லேக்கில் தங்கிப் போய் வாருங்கள். வழியில் புல்ஃபிராக் லேக் அழகாகத் தெரியும், அங்கே கூடாரம் போட அனுமதி இல்லை.

சுற்றுவது கடிகாரத் திசையில். ரோட்ஸ் எண்ட் 5,035 அடி, ரே லேக்ஸ் 10,500 அடிக்கும் மேலே. இந்தப் பக்கமாகப் போனால் ஏற்றம் நிதானமாக வரும், உடம்புக்கும் உயரம் பழகும். எதிர்த்திசையில் பப்ஸ் கிரீக் வளைவுகள் ஆரம்பத்திலேயே வெயிலில் போட்டு வறுத்துவிடும். முதல் நாள் மிஸ்ட் ஃபால்ஸ் அருவி தாண்டி அப்பர் பாரடைஸ் முகாம், பத்து மைல். இரண்டாம் நாள்தான் பெரிய நாள்: வுட்ஸ் கிரீக் தொங்குபாலம், டாலர் லேக், ஆரோஹெட் லேக், பிறகு ரே லேக்ஸ். தொங்குபாலத்தில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் போக வேண்டும், நன்றாகவே ஆடும். கால் ஓய்ந்துவிட்டால் ஆரோஹெட்டிலேயே படுத்துவிடுங்கள். மூன்றாம் நாள் சிகரம். நான்காம் நாள் க்ளென் பாஸ் தாண்டி ஜங்ஷன் மெடோ, ஐந்தாம் நாள் கார்.

இனி பெயின்டட் லேடி. 12,126 அடி. மேல் ஏரிக்குத் தெற்கே, பட்டை பட்டையாக நிறம் மாறும் பாறையோடு நிற்கும். கூடாரத்திலிருந்து பார்த்தால் நேராக ஏறிவிடலாம் போலத் தோன்றும். அந்த முகத்தில் கை வைக்கவே வேண்டாம். க்ளென் பாஸ் பாதையில் மேலே போய், பிறகு கிழக்கே விலகி, தென்பக்கமாகச் சுற்றிக்கொண்டு ஏறுங்கள். பையைக் கூடாரத்தில் வைத்துவிட்டு தண்ணீர், மழைக்கோட்டு, கொஞ்சம் தீனி, மேப் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாதையை விட்டு இறங்கிய அடுத்த நிமிடமே நடையின் வேகம் மாறிவிடும். பாதையில் ஒரு மணி நேரத்தில் இரண்டு மைல் போகிறவர்கள் இங்கே அரை மைல் போனாலே நல்ல வேகம். ஒவ்வொரு கல்லையும் முன்பாதத்தால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் எடையை மாற்ற வேண்டும். பெரிய கல் அசையாது என்று நம்பாதீர்கள், மேசை அளவு பாறையும் கடக்கென்று சாயும். அந்தச் சத்தம் கேட்டால் காலை எடுத்துவிடுங்கள். கைத்தடியின் வாரை மணிக்கட்டிலிருந்து கழற்றிவிடுங்கள். தடி இடுக்கில் மாட்டினால் கையையும் சேர்த்து இழுக்கும். ஒருவருக்கு நேர் கீழே இன்னொருவர் நிற்கவே கூடாது. கல் உருண்டால் யாராக இருந்தாலும் உடனே கத்துங்கள். ஏறும்போதே அடிக்கடி திரும்பி, வந்த வழியை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது எல்லா இடுக்கும் ஒன்று போலத் தெரியும்.

அப்புறம் நேரம். ஆகஸ்டில் காலை வானம் துடைத்து வைத்தது போல இருக்கும், மதியத்துக்கு மேல் இடி வரும். ஆறு மணிக்குக் கிளம்புங்கள். பதினொன்றுக்குள் உச்சியில் இல்லையென்றால் எங்கே நிற்கிறீர்களோ அங்கிருந்தே இறங்குங்கள். இதை முந்தின இரவே மூன்று பேரும் பேசி முடித்துவிடுங்கள். உச்சி கண்ணுக்குத் தெரியும்போது பேச ஆரம்பித்தால் யாருக்கும் இறங்க மனசு வராது.

இறங்கி வந்த மதியத்தை ஏரிக்கு விட்டுவிடுங்கள். சியரா கிளப் செயலராக இருந்த வில்லியம் கோல்பியின் மனைவி ரேச்சல் (சுருக்கமாக ரே) பெயரில் வந்த ஏரிகள் இவை. மூன்று சிகரம் என்று ஓடினால், பெர்மிட்டுக்காகக் காத்திருந்து போகிற அந்தத் தண்ணீரைப் பார்க்கவே நேரம் இருக்காது. எனக்கு அது தாங்காது.

கிழக்குச்சரிவு

அக்கா சொன்ன நாட்கணக்கு சரி. ஆனால் பாதையில்லாத மலையில் முதன்முதலாக ஏறுகிறவர்களுக்கு நான் பெயின்டட் லேடியைச் சொல்ல மாட்டேன். கல் அதிகம் நகரும், வழியையும் நாமே கண்டுபிடிக்க வேண்டும். கூல்டில் முகட்டை விட்டு விலகாமல் இருந்தால் போதும், திரும்பிப் பார்த்தால் பாஸும் அங்கே நிற்கும் ஆட்களும் பெரும்பாலும் தெரிவார்கள்.

அதனால் ஒரு யோசனை. கூல்டை லூப்பில் சேர்க்காமல் ஜூலையிலேயே தனியாக ஏறிவிடுங்கள். இண்டிபெண்டன்ஸ் ஊருக்கு மேலே ஆனியன் வேலி, 9,200 அடி. அங்கிருந்து கியர்சார்ஜ் பாஸ் ஐந்து மைலுக்குள். ஒரே நாளில் போய்த் திரும்பலாம், அதற்கு இரவு தங்கும் பெர்மிட் தேவையில்லை. முந்தின இரவு ஆனியன் வேலி கேம்ப்கிரவுண்டில் தூங்கினால் உயரமும் பழகும். பை இல்லாமல் இந்தக் கற்களில் இறங்கும்போது முழங்கால் என்ன சொல்கிறது என்று பாருங்கள். அது ஒத்துழைத்தால் ஆகஸ்டில் பெயின்டட் லேடிக்குத் தைரியமாகப் போகலாம்.

ஃப்ரெஸ்னோக்காரி

இது நல்ல யோசனை, ஒப்புக்கொள்கிறேன். கூல்டின் உச்சிப் பாறை மிரட்டினால் அடியிலேயே நின்றுவிடுங்கள், காட்சியில் பெரிய குறை இல்லை. பாறை இடுக்கில் நீலப்பூ கொத்தாக இருந்தால் மிதிக்காமல் போங்கள், அது ஸ்கை பைலட், இந்த உயரத்தில்தான் வளரும்.

பே_ஏரியா_சமையல்

சாப்பாடு பற்றி யாரும் சொல்லவில்லை. ரே லேக்ஸ் பக்கம் கரடி டப்பா, அதாவது கரடியால் திறக்க முடியாத சாப்பாட்டு டப்பா, கட்டாயம். பெரிய டப்பா ஒன்று ஒருவருக்கு ஒரு வாரம் தாங்கும் என்று கணக்கு. உங்களுக்கு இரண்டு இறுக்கிப் பிடிக்கும், மூன்று கொண்டுபோங்கள். டூத்பேஸ்ட், சன்ஸ்க்ரீனும் உள்ளேதான் போக வேண்டும். பெருங்காயம் போட்ட பொடி, ஊறுகாய் எல்லாம் இரட்டை ஜிப்லாக்கில்.

10,000 அடிக்கு மேல் கேம்ப்ஃபயர் தடை, அதனால் கேஸ் ஸ்டவ்தான். அந்த உயரத்தில் தண்ணீர் 90 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும். பருப்பு வேகவே வேகாது, அரிசியும் நடுவில் கல்லாக நிற்கும். கெட்டி அவல்தான் கைகொடுக்கும். வீட்டிலேயே கடுகு, வேர்க்கடலை, காய்ந்த மிளகாய் தாளித்து, புளிக்காய்ச்சலைச் சுண்ட வைத்து எடுத்துப்போங்கள். சுடுதண்ணீர் தெளித்து மூடி வைத்தால் பத்து நிமிடத்தில் புளி அவல். சிகரத்துக்குக் கடலை மிட்டாய்.

சன்னிவேல்_நடையன்

எல்லோருக்கும் நன்றி. ஃபின் டோம் போச்சு. ஜூலையில் கூல்ட், ஆகஸ்டில் பெயின்டட் லேடி என்று மனைவியும் சம்மதித்துவிட்டாள். ஒரே ஒரு சந்தேகம்: அப்பர் பாரடைஸில் ஆற்றைக் கடக்கப் பாலம் இல்லை என்று படித்தேன். அவளுக்கு நீச்சல் தெரியாது.

ஃப்ரெஸ்னோக்காரி

2017-ல் பாலம் அடித்துக்கொண்டு போனது, சவுத் ஃபோர்க் கிங்ஸ் ஆறு. பனி உருகும் ஜூனில் அது ஆளை இழுத்துக்கொண்டு போகும். ஆகஸ்ட் கடைசியில் பொதுவாகத் தண்ணீர் இறங்கியிருக்கும், ஆனால் குளிர்காலப் பனியைப் பொறுத்தது. பெர்மிட் வாங்கும்போது ரோட்ஸ் எண்ட் ரேஞ்சரிடம் ஆழம் எவ்வளவு, பாலம் இப்போது என்ன நிலையில் என்று கேளுங்கள். கடப்பதாக இருந்தால் காலையில் கடங்கள், அப்போதுதான் தண்ணீர் குறைவு. ஷூவோடு இறங்குங்கள், இடுப்பு பெல்ட்டை அவிழ்த்துவிடுங்கள், விழுந்தால் பையை உதற முடியும். தொடைக்கு மேல் வருகிறது, அவள் தயங்குகிறாள் என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். பாரடைஸில் இன்னொரு இரவு தங்கிவிட்டு வந்த வழியே இறங்குங்கள்.