ஆஃப்கேஸிங்: ‘உமிழ்வு’ போதுமா, ‘வளியூறல்’ சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

உள்ளகக் காற்றுத் தரப் பாடத்துக்கும் முதலாண்டு வேதியியலுக்கும் பொதுவான சொற்பட்டியலில் ‘ஆஃப்கேஸிங்’ இன்னும் முடிவாகவில்லை. புதிய அலமாரி, பார்ட்டிகிள் போர்டு எனும் மரத்தூள் பலகை, மெத்தை, தரைவிரிப்பு ஆகியவற்றிலிருந்து மாதக்கணக்கில் ஃபார்மால்டிஹைடு போன்ற நெடியுள்ள சேர்மங்கள் வெளிவருவதைக் குறிக்கும் சொல் வேண்டும்.

‘வாயுக்கசிவு’ என்றால் சிலிண்டரும் போபாலும்தான் மனத்தில் வரும். கசிவு ஓட்டை வழியே நடப்பது. பலகையில் ஓட்டை ஏதுமில்லை. ‘ஆவியாதல்’ பெயின்ட் காய்வதற்குப் பொருந்தும்: கரைப்பான் சில நாள்களில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பலகையில் நடப்பது வேறு. பலகைத் தூளை ஒட்டும் யூரியா–ஃபார்மால்டிஹைடு பிசினின் பிணைப்புகளைக் காற்றின் ஈரம் நீராற்பகுக்கிறது, அதாவது நீரால் உடைக்கிறது; ஃபார்மால்டிஹைடு உள்ளேயே புதிதாக உண்டாகி மேற்பரப்புக்கு வருகிறது. அதனால்தான் வெயிலும் புழுக்கமும் கூடினால் நெடியும் கூடுகிறது. உள்ளிருந்து மெல்ல வருவதால் ‘வளியூறல்’ என்று முன்மொழிகிறேன்.

*

> ‘உமிழ்வு’ ஏன் போதாது?

பலகைச் சோதனை செய்பவர்கள் இப்போது ‘உமிழ்வு வீதம்’ என்றுதான் எழுதுகிறோம். வாகனப் புகை, நிறமாலை எல்லாம் அதே சொல்லில் இருப்பது குழப்பம்தான். ஆனால் ‘ஊறல்’ எனக்குப் பிடித்ததற்குக் காரணம் வேறு.

பலகையை ஒரு கலனுக்குள் வைத்து அளக்கும் ஐரோப்பியக் கலன் சோதனையில் 23 டிகிரி செல்சியஸ், 45 சதவீத ஈரப்பதம், மணிக்கு ஒரு காற்று மாற்றம் (உள்ளிருக்கும் காற்று முழுதும் ஒருமுறை மாறும் அளவு), ஒரு கன மீட்டருக்கு ஒரு சதுர மீட்டர் பலகை. அங்கே நிலைபெற்ற செறிவு 0.124 மி.கி./கன மீட்டருக்குள் இருந்தால் அது ‘ஈ1’ எனும் குறைந்த உமிழ்வு வகை. இனி ஓர் அறையை எடுத்துக்கொள்ளுங்கள்: 36 கன மீட்டர், அலமாரியும் லாஃப்டுமாக 18 சதுர மீட்டர் பலகை, சதுர மீட்டருக்கு மணிக்கு 0.12 மி.கி. வீதம், ஜன்னல் சாத்தி மணிக்கு அரைக் காற்று மாற்றம்.

0.12 × 18 ÷ (0.5 × 36) = 0.12 மி.கி./கன மீட்டர்

உலக சுகாதார நிறுவனத்தின் 30 நிமிடச் சராசரி வழிகாட்டு அளவு 0.1. ஈ1 பலகைதானே என்று நிறைய அடித்துவிட்டு ஜன்னலைச் சாத்தினால் இதுதான் கதி.

காற்று மாற்றத்தை நான்கு மடங்காக்கினால் 0.03 ஆகும் என்று மாணவர்கள் எழுதுவார்கள். அளந்தால் அவ்வளவு இறங்காது. அறைக் காற்றில் செறிவு குறையக் குறையப் பலகை கூடுதலாக விடுகிறது. கிணறு போல, இறைக்க இறைக்க ஊறும். ‘உமிழ்வு’ இதைச் சொல்லாது.

*

வணக்கம். இலங்கையில் ‘வளி’ என்றால் காற்றுத்தான். ‘வளி மாசடைதல்’ என்றே பாடநூலில் படிக்கிறோம். ஆகவே ‘வளியூறல்’ எமது மாணவருக்குக் காற்று ஊறுவதாகப் படும். ‘காலல்’ என்ற சொல்லும் எமக்கு உண்டு. ஆனால் அது நிறமாலைக்கு நிலைத்துவிட்டது, இதற்கு இழுக்க வேண்டாம். ‘வாயு’வைச் சேர்த்தாலும் ‘வாயுவூறல்’ நாளடைவில் ‘வாயூறல்’ ஆகி எச்சில் ஊறுவதில் போய் நிற்கும். ‘ஆவியூறல்’ என்று வைத்தால் என்ன?

*

> ‘ஆவியூறல்’ என்று வைத்தால் என்ன?

முதலில் தயங்கினேன். ஃபார்மால்டிஹைடின் கொதிநிலை −19 டிகிரி. அறையில் அது வாயுதானே? ஆனால் வேதியியலில் ஆவியைப் பிரிக்கும் கோடு கொதிநிலை அல்ல, நிலைமாறு வெப்பநிலை: அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது; அதற்குக் கீழே இருந்தால் ஆவி. ஃபார்மால்டிஹைடுக்கு அது 100 டிகிரிக்கும் மேல். டொலுயீன், ஸ்டைரீன் போன்றவற்றுக்கு இன்னும் மேலே. ஆக அறை வெப்பநிலையில் இவை எல்லாமே ஆவிகள். சொல் சரி. முதலாண்டு வகுப்பில் ஆவிக்கும் வாயுவுக்கும் வேறுபாடு சொல்லித்தர இதையே எடுத்துக்காட்டாக வைக்கலாம்.

‘ஊறல்’ என்றதும் செய்தித்தாளில் வரும் சாராய ஊறல் நினைவுக்கு வரும் என்று ஒருவர் தனியே எழுதியிருந்தார். தனிச்சொல்லாக நின்றால் வரும். ‘ஆவியூறல் வீதம்’, ‘ஆவியூறல் கலன்’, ‘குறையூறல் பலகை’ என்று தொடரில் வந்தால் வராது.

செய்முறைத் தாளுக்கு: டெசிக்கேட்டர் எனும் மூடிய கண்ணாடிக் கலனில் அறுத்த பலகைத் துண்டுகளும் அவற்றின் கீழே 300 மி.லி. நீரும், 20 டிகிரியில் 24 மணி நேரம். அந்த நீருடன் அசிட்டைல்அசிட்டோன்–அம்மோனியம் அசிட்டேட் கரைசலைச் சேர்த்துச் சூடாக்கினால் மஞ்சள் நிறம். அது ஒளியை உறிஞ்சும் அளவை 412 நானோமீட்டரில் அளக்க வேண்டும். அறுத்த விளிம்புகள் முகப்பைவிட அதிகம் விடும் என்பதால், துண்டுகளின் அளவை மாற்றினால் முடிவுகளை ஒப்பிட முடியாது. 10.6 எலக்ட்ரான் வோல்ட் விளக்குள்ள ஒளி அயனியாக்கக் கருவி இங்கே உதவாது. ஃபார்மால்டிஹைடின் அயனியாக்க ஆற்றல் 10.88; அந்த விளக்கு அதை எட்டாது. விலை குறைந்த மின்வேதிக் கருவிகளில் பல சானிடைசரின் எத்தனாலுக்கும் எகிறும். கையில் தடவிக்கொண்டு அளக்கக் கூடாது.

திரைச்சீலையில் ஒட்டிய ஆவி பிறகு விடுபடுவதை இதில் சேர்க்கவில்லை. அது பரப்புக் கவர்தலின் மறுதலை, புதிதாக எதுவும் உண்டாவதில்லை. பட்டியலில் சேரும் பதிவு இது:

ஆவியூறல் (பெ.): திண்மப் பொருளோ காய்ந்த பூச்சோ தன்னுள் அடங்கிய அல்லது தன்னுள் உண்டாகும் ஆவியை நீண்ட காலம் மெல்ல வெளிவிடுதல். வினை: ஆவி ஊறு. வீதத்தின் அலகு: மி.கி./சதுர மீட்டர்·மணி.