பற்றுச்சீட்டோடு போயும் வெறுங்கையோடு திரும்பியவர்கள் – அனுபவப் பகிர்வு

வெள்ளவத்தை அம்மம்மா

காலி வீதியில் ஒரு மின்சாதனக் கடையில் வாங்கிய ரைஸ் குக்கர் மூன்றாம் நாளே சூடாகாமல் நின்றுவிட்டது. அதைப் பெட்டியோடும் பில்லோடும் திருப்பிக் கொண்டுபோன அன்று நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. விற்கும்போது "ஒரு வருட உத்தரவாதம் அன்ட்டி, ஒன்றுக்கும் யோசிக்காதீர்கள்" என்று சொன்ன அதே தம்பிதான் அன்றும் நின்றார். குக்கரைத் தலைகீழாகத் திருப்பி, அடித்தட்டில் இருந்த மயிரிழை போன்ற ஒரு கீறலைச் சுண்டுவிரல் நகத்தால் இரண்டு தரம் உரசிக் காட்டி, "இது கீழே விழுந்த சாமான், உத்தரவாதம் செல்லாது" என்றார்.

அது விழவில்லை. எங்கள் வீட்டில் அதைத் தூக்கியது நான் ஒருத்திதான்.

பிறகு பில்லின் அடியில் இருந்த பொடி எழுத்தைக் காட்டி, விற்ற பொருள் மீளப் பெறப்படமாட்டாது என்று அவரே வாசித்துச் சொன்னார். அந்த வரி சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தது. உத்தரவாத அட்டையும் அப்படியே. வாசிக்க முடியாத ஒரு தாளில் கையெழுத்திட்டுப் பொருள் வாங்கியிருக்கிறேன் என்பது எனக்கு அந்த நேரத்தில்தான் உறைத்தது. பின்னால் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, பெட்டியை மறுபடி கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இரவில் படுத்தால் அந்த நகம் உரசிய சத்தம்தான் கேட்கிறது.

கொட்டாஞ்சேனையிலிருந்து

அம்மா, உங்களுடையது வாசித்ததும் என்னுடையதை எழுதத் தோன்றியது. எனக்கு நடந்தது ஒரு சுப்பர் மார்க்கட்டில். 400 கிராம் பால்மாவுக்கு இறாக்கையில் ஒட்டியிருந்த விலைக்கும் பில்லில் வந்த விலைக்கும் 45 ரூபாய் வித்தியாசம் இருந்தது. நான் திரும்பிப் போய் விலைச் சீட்டைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வந்து காட்டினேன். காசாளர் பிள்ளைக்குப் பத்தொன்பது, இருபது வயதுதான் இருக்கும். அந்தப் பிள்ளை படத்தைப் பார்த்துவிட்டு, மேற்பார்வையாளர் நிற்கும் பக்கம் ஒருதரம் திரும்பி, மிகவும் தாழ்ந்த குரலில், "அக்கா, சத்தம் போடாதீங்க, என் சம்பளத்தில வெட்டுவாங்க" என்றது.

நான் அந்த 45 ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்தேன். கொடுத்தது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பழைய சீட்டை எடுக்காமல் விட்டது அந்தப் பிள்ளை அல்ல. ஆனால் நான் கேட்டிருந்தால் அந்தத் தொகை அந்தப் பிள்ளையிடமிருந்துதான் போயிருக்கும்.

பம்பலப்பிட்டி, ஓய்வுபெற்ற கணக்காளர்

கொட்டாஞ்சேனைச் சகோதரி மன்னிக்க வேண்டும். நீங்கள் செய்தது இரக்கம், ஆனாலும் அது தவறு. நீங்கள் கொடுத்த 45 ரூபாய் அந்தப் பிள்ளையைச் சேரவில்லை, கடையைச் சேர்ந்தது. மறுநாளும் அதே சீட்டு அதே இறாக்கையில் இருந்திருக்கும். மேற்பார்வையாளரை நீங்களே அழைத்துப் பேசியிருந்தால் பிள்ளையின் தலை உருண்டிருக்காது.

என் அனுபவம் சிறியது. காலிமுகத்திடலுக்கு அருகே ஓர் உணவகத்தில் அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலுக்கு 150 ரூபாய் போட்டிருந்தார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் அதன் அதிகபட்ச சில்லறை விலை 70 ரூபாய் என்று வர்த்தமானி இருந்தது. நான் குரலை உயர்த்தவில்லை. போத்தலைத் திருப்பி, அச்சிட்டிருந்த விலையில் விரலை வைத்தேன். முகாமையாளர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய், சிறிய தட்டில் கடதாசி விரித்து அதன்மேல் 80 ரூபாயை வைத்துக்கொண்டு வந்தார். பக்கத்து மேசைக் குடும்பமும் அதே 150 ரூபாயைத்தான் கொடுத்தது, அவர்களுக்குத் தட்டு வரவில்லை. அதுதான் என்னை உறுத்துகிறது.

இனி வெள்ளவத்தை அம்மாவுக்கு. நீங்கள் கேட்கவில்லை, இருந்தும் சொல்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை கொழும்பில், வொக்ஸ்ஹோல் வீதியில் இருக்கிறது. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் விஷயத்தைச் சொல்லலாம். ஆனால் உங்கள் பணம் திரும்ப வேண்டுமானால் எழுத்து மூல முறைப்பாடு வேண்டும், அதுவும் பொருளை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் வேண்டும். இந்தக் காலக்கெடுவைத் தவறவிட்டுவிட்டு, கடைக்காரர் "அடுத்த கிழமை வாருங்கள்" என்று சொன்னதை நம்பி அலைந்தவர்களை எனக்குத் தெரியும். சொன்ன உத்தரவாதத்துக்கோ, சொல்லாமலே இருப்பதாகக் கொள்ளப்படும் உத்தரவாதத்துக்கோ பொருந்தாத பொருளை விற்றால், சபை விசாரித்து, நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பவோ கட்டளையிட அந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் இடமிருக்கிறது. நல்ல பொருளை மனம் மாறித் திருப்பிக் கொடுப்பது வேறு, மூன்றாம் நாளில் பழுதான பொருளைக் கொண்டுபோய் நிற்பது வேறு. பில்லின் அடியில் ஒரு வரியை அச்சிட்டுவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

கடிதத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழிதான். கடைப் பெயர், வாங்கிய திகதி, பழுது தெரிந்த திகதி, கடையில் சொன்ன பதில், நீங்கள் கேட்பது என்ன என்பவை ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். மூலப் பில்லை யாரிடமும் கொடுக்காதீர்கள். இன்னொன்று, இப்போதைய பில்கள் வெப்பத்தில் அச்சாகும் தாள் என்பதால் சில வாரங்களிலேயே எழுத்து மங்கிவிடக்கூடும். வாங்கிய அன்றே போட்டோக் கொப்பி எடுத்து வைப்பதே புத்தி. பற்றுச்சீட்டைக் கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை, அவர் செய்யும் உபகாரம் அல்ல.

புறக்கோட்டை, துணிக்கடை

நான் மேசையின் மறுபக்கம் நிற்பவன். ஐயா எழுதிய சட்டத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் எல்லாக் கீறலும் பொய் என்று எண்ணிவிடாதீர்கள். போன வருடம் ஒரு திங்கட்கிழமை ஒரு பெண் சேலையொன்றைத் திருப்பிக் கொண்டுவந்தார். "உடுக்கவே இல்லை, நிறம் பிடிக்கவில்லை" என்றார். நான் மடிப்பைப் பிரித்ததும் கொசுவத்தின் நடுவிலிருந்து ஒரு மல்லிகைப் பூ, காய்ந்து பழுப்பாகி, மேசையில் விழுந்தது. இருவரும் அதைப் பார்த்தோம். அவர் வேறு எங்கோ பார்க்கத் தொடங்கினார். நான் சேலையை வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்தேன். கூட வந்த மகளுக்கு முன்னால் தாயை வெட்கப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சேலையை அரைவிலைக்குத்தான் விற்றேன்.

பெரிய கடைகளுக்கு இது ஒரு கணக்கு, எங்களுக்கு அது அன்றைய இலாபம். வாடிக்கையாளர் அட்டையில் செலுத்தினால் வங்கியும் அதில் ஒரு பங்கைப் பிடிக்கிறது.

மருதானையிலிருந்து

துணிக்கடை அண்ணனின் மல்லிகைப் பூ என் மனதைத் தொட்டது. ஆனால் கடைசி வரியை ஏற்கமாட்டேன். ஒரு கைத்தொலைபேசிக் கடையில் விலை பேசி முடித்து, நான் அட்டையை நீட்டிய பிறகுதான், "அட்டை என்றால் மூன்று வீதம் கூட" என்றார்கள். அட்டை ஏற்பதற்காக வங்கி அறவிடும் கட்டணம் வியாபாரி தாங்க வேண்டியது, வாடிக்கையாளர் தலையில் கட்டக் கூடாதது. இதை மத்திய வங்கியே சொல்லியிருக்கிறது. நான் அதைச் சொன்னபோது கடைக்காரர் கோபிக்கவில்லை. இயந்திரத்தை மேசைக்குக் கீழே வைத்துவிட்டு, "இப்போது இயந்திரம் வேலை செய்யவில்லை" என்றார். அதன் பச்சை விளக்கு கண்ணாடிப் பெட்டிக்குள் எரிந்துகொண்டிருந்தது. மறுநாள் பரீட்சைக்கு மகளுக்கு அந்தத் தொலைபேசி தேவை என்பதால் வெளியே போய்ப் பணம் எடுத்துவந்து கொடுத்தேன்.

கணக்காளர் ஐயாவிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் ஓய்வுபெற்றவர். வேலைக்குப் போகிறவர்களுக்கு வொக்ஸ்ஹோல் வீதி தூரம் இல்லை, ஆனால் அரைநாள் சம்பளம் தூரம்.

பம்பலப்பிட்டி, ஓய்வுபெற்ற கணக்காளர்

அதை ஏற்கிறேன். ஆனால் அட்டை விஷயத்துக்கு நேரில் போகத் தேவையில்லை. உங்கள் அட்டையை வழங்கிய வங்கிக்கு, கூடுதலாக எடுத்த தொகை தெரியும் பில்லோடு அறிவித்தால் போதும். நீங்கள் பணமாகக் கொடுத்ததால்தான் அந்தத் தடயம் இல்லாமல் போயிற்று.

வெள்ளவத்தை அம்மம்மா

எல்லோருக்கும் நன்றி. கணக்காளர் தம்பி சொன்னதை வாசித்தவுடன் எழுந்து போய் அலுமாரியில் இருந்த பில்லை எடுத்தேன். வாங்கி இன்றைக்கு 41 நாள். கடையின் பெயர் தெரிகிறது, திகதி தெரிகிறது, தொகை இருந்த இடத்தில் சாம்பல் நிறக் கறைபோல ஏதோ இருக்கிறது. பின்வீட்டுப் பிள்ளை அதைத் தன் தொலைபேசியில் படம் பிடித்து, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்ததில் இலக்கங்கள் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன. அந்தப் படத்தை அச்செடுத்துக் கடிதத்தோடு ஊசி குத்தி வைத்திருக்கிறேன். கடிதம் ஒரு பக்கத்துக்குள் அடங்கவில்லை, ஒன்றரைப் பக்கம் வந்துவிட்டது. கீறலைப் பற்றி எழுதிய பந்தியை வெட்ட எனக்கு மனம் வரவில்லை. நாளைக் காலையில் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.