புதுப்பிப்பு: ஹாஃப்-டன் பிக்கப்பில் (பெரிய பிக்கப்களில் இலகுவான ரகம்) 30 அடி டிரெய்லர், எடை போட்ட பிறகு

"டோ ரேட்டிங் (வண்டி இழுக்கக்கூடிய அதிகபட்ச எடை) 11,000 பவுண்டு, டிரெய்லர் 8,000 தானே, தாராளமாக இழுக்கும்" என்று முன்பு எழுதியிருந்தேன். அந்தக் கணக்கு தப்பு. முதலில் தீர்ந்துபோவது பேலோடுதான், அதாவது வண்டி தன்மேல் சுமக்கக்கூடிய எடை.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் பேலோடு எழுதிய ஸ்டிக்கர் இருக்கும். இந்த வண்டிக்கு 1,600 பவுண்டு. டிரெய்லரின் முன்பாரம் (அதன் மூக்கு டிரக்கின் மேல் அமர்த்தும் எடை) 8,000-இல் 13 சதவீதம் என்றால் 1,040; டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் 100. மிச்சம் 460. நாலு பேர் ஏறினாலே முடிந்தது. பின்னால் ஜெனரேட்டர் வைக்க இடம் இருக்கும், எடைக்குத்தான் இடம் இருக்காது!

டிரக் ஸ்டாப் எடை மேடையில் மூன்று முறை ஏற்றுங்கள்: டிரக் மட்டும்; டிரெய்லர் மாட்டி, ஸ்பிரிங் பார் (எடையை முன் அச்சுக்குத் திருப்பும் ஹிட்ச் கம்பி) இல்லாமல்; டிரெய்லரோடு பாரும் மாட்டி. இங்கே முன் அச்சில் வந்தது 3,200, 2,850, 3,000. இழந்த 350-இல் பாதிகூடத் திரும்பவில்லை. ஸ்டீயரிங் மிதப்பதற்குக் காரணம் அதுதான். ஹிட்ச் தலையில் ஒரு வாஷர் கூட்டிப் பின்பக்கம் சாய்த்து, மறுபடி எடை போட வேண்டும். எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதை டிரக் கையேட்டில் பாருங்கள். பின் சஸ்பென்ஷனில் வைக்கும் காற்றுப்பை (ஏர்பேக்) பின்பக்கத்தைத் தூக்கும், அவ்வளவுதான். முன் அச்சுக்கு எடையைத் திருப்பாது.

டிரெய்லரின் தண்ணீர்த் தொட்டி எங்கே என்று கீழே குனிந்து பாருங்கள். 40 கேலன் என்றால் சுமார் 330 பவுண்டு. தொட்டி டிரெய்லர் அச்சுக்குப் பின்னால் இருந்து, அதை நிரப்பினால் முன்பாரம் குறையும், டிரெய்லர் வாலாட்டும்.