ஜாங்கோவில் பாதை வரிசைக்குச் சோதனை எழுத வேண்டுமா?

கடைமடையான் (திருத்துறைப்பூண்டி):
நாட்டு நெல் ரகங்களுக்கு ஜாங்கோவில் (பைத்தான் மொழியில் வலைத்தளம் கட்டும் கருவி) ஒரு தளம் செய்கிறேன். முகவரிகள் தமிழில்தான். '/நெல்/பூங்கார்/' என்றால் பூங்கார் பக்கம். '/நெல்/புதிது/' என்றால் ரகம் சேர்க்கும் படிவம். எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று சொல்லும் பாதைப் பட்டியலைப் போன வாரம் திருத்தும்போது ரகப் பக்கத்தின் வரி படிவத்தின் வரிக்கு மேலே போய்விட்டது. படிவத்தைத் திறந்தால் 'புதிது' என்று ரகம் இல்லை என 404, அதாவது 'பக்கம் இல்லை' என்ற பிழை. மூன்று நாள் யாராலும் ரகம் சேர்க்க முடியவில்லை. நிரலைச் சரிபார்க்க நான் எழுதி வைத்த சோதனைகளோ எல்லாம் பாஸ். வரிசைக்கென்று தனிச் சோதனை வேண்டும் என்கிறேன்.

குடந்தையான்:
வேண்டாம் தம்பி. மேலிருந்து பார்த்து முதலில் பொருந்துவதை எடுப்பது ஜாங்கோவின் விதி. அதை அவர்களே சோதித்திருப்பார்கள். '/நெல்/ரகம்/பூங்கார்/' என்று நடுவில் ஒரு சொல் போட்டால் மோதலே இல்லை. பிளாஸ்க் என்ற இன்னொரு பைத்தான் கருவி பாதைகளைத் தானே தரம் பிரிக்கிறது. கோ மொழியிலும் 2024-இல் வந்த 1.22 முதல் குறிப்பான பாதைக்குத்தான் முன்னுரிமை. வரிசையை நம்பிப் பிழைக்காதீர்கள்.

கடைமடையான்:
விதி ஜாங்கோவுடையது அண்ணே, பட்டியல் என்னுடையது. தலைமடையில் ஒரு பாதை எல்லாவற்றையும் விழுங்கினால் கடைமடைக்கு என்ன வரும்? என் வயலுக்குத் தண்ணீர் வந்ததா என்று நான்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

மன்னை:
தமிழ் முகவரி வைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை கூடுதல். பாதையில் மாறும் பகுதிக்கு ஜாங்கோ தரும் 'ஸ்லக்' வகை ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு, அடிக்கோடு இவற்றை மட்டுமே ஏற்கும். அதனால் 'ஸ்டர்' வகையைப் போடுகிறோம். அது சாய்கோடு தவிர எதையும் பிடித்துக்கொள்ளும்.

கடைமடையான், நீங்கள் 'ரிவர்ஸ்' மட்டும் சோதித்திருப்பீர்கள். அது பாதைக்கு நாம் வைத்த பெயரைக் கொண்டு முகவரியைத் தருவது, வரிசை தப்பினாலும் சரியாகவே வரும். அந்த முகவரியை 'ரிசால்வ்' செய்து, அதாவது அதற்கு எந்தப் பாதை பொருந்துகிறது என்று கேட்டு, அதே பெயர் திரும்புகிறதா என்று பாருங்கள். ஒன்று கவனம்: ரிவர்ஸ் தமிழ் எழுத்தைச் சதவீதக் குறிகளாக மாற்றிவிடும். 'அன்கோட்' செய்து மறுபடி தமிழாக்கிய பிறகு கொடுங்கள், இல்லாவிட்டால் எதுவுமே பொருந்தாது. ஜாங்கோவின் எளிய சோதனை வகுப்பான 'சிம்பிள்டெஸ்ட்கேஸ்' போதும், தரவுத்தளம் தேவையில்லை.

குடந்தையான்:
சரி, நாளைக்கு ஒருவர் 'புதிது' என்றே ஒரு ரகத்தைச் சேர்த்தால்? வரிசை ஒழுங்காக இருந்தும் அந்தப் பக்கம் திறக்காது. இந்தச் சோதனை அதைப் பிடிக்காது.

கடைமடையான்:
உண்மை. அந்தப் பெயரைப் படிவத்திலேயே மறுத்துவிடுகிறேன். ஆனால் முகவரியை மாற்ற மனம் வரவில்லை அண்ணே. துண்டறிக்கையில் அச்சடித்துக் கொடுத்தாயிற்று, வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றுகிறது.

குடந்தையான்:
பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிவிட ஒரு வரி எழுதினால் முடிந்தது.

கடைமடையான்:
அந்த வரியும் '/நெல்/' என்பதற்குப் பின்னால் எது வந்தாலும் பிடிக்கும். அதே பட்டியலில்தான் இருக்கும். படிவத்துக்கு மேலே போய்விட்டால் மறுபடி 404. மன்னை சொன்னபடி சோதனையை எழுதிவிட்டேன். ரக வரியை வேண்டுமென்றே மேலே தூக்கி ஓட்டினேன், ஃபெயில் ஆனது. கீழே இறக்கினேன், பாஸ்.